பெருந்தெருவும் ஊர்வாழ்வும்

கல்லூரியின் யூபிலி மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் பெருந்தெருவைப் பற்றி எழுதப் புகுந்தால் பழைய மாணவர் சிலர் வியப்படைதல் கூடும். இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ எழுதுவதன்றோ முறை என்பர். ஆயின், இக்கல்லூரி நாட்டுக்கு அளித்த மக்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக. நில அளவையாளர் எத்தனை பேர்! பொறியியலாளர் எத்தனை பேர்! கச்சேரிகளிலும் பிரதேச செயலகங்களிலும் கடமை புரிந்தோரும் இன்று புரிவோரும் எத்தனை பேர்! படத்தாளிற் கோடு கிழிக்கும் கை நம்மவர் கையாகவும், அக்கோடு வந்து விழும் வளவு நம்மவர் வளவாகவும் இருத்தல் இக்கல்லூரிக் குடும்பத்தில் அரிதன்று. ஆகவே இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

தமிழாசிரியர்க்குரிய உரிமையோடு ஒரு சொல்லை முதற்கண் எடுத்துக் காட்டி அப்பாற் செல்வோம். நம் முன்னோர் நீரோடும் நதியையும் 'ஆறு' என்றனர். மாந்தர் செல்லும் வழியையும் 'ஆறு' என்றனர். ஆற்றுப்படை என்னும் நூல்வகையின் பெயரில் நிற்கும் ஆறு வழியே. நீர் தனக்கெனக் கண்டுகொண்ட வழி ஒன்று. மக்கள் நடந்து நடந்து கண்டுகொண்ட வழி மற்றொன்று. இரண்டும் நிலத்தின் மேடு பள்ளத்துக்கு இணங்கி வளைந்து சென்றன. இக்காலப் பெருந்தெருவோ, விரைவு கருதி, இயன்றவரை நேராகவும் உயரமாகவும் இடப்படுவது. அது நீரின் ஆற்றையும் மாந்தரின் ஆற்றையும் ஒருங்கே குறுக்கறுத்துச் செல்கின்றது. பெருந்தெருவால் விளையும் இடர்களுள் பெரும்பாலன இவ்விரண்டின்பாற் படுவனவே.

இதற்குக் கண்கூடான எடுத்துக்காட்டு நம் நாட்டின் தெற்கே உளது. கொழும்பையடுத்த கொட்டாவையிலிருந்து காலி வழியாக மாத்தறை நோக்கிச் செல்லும் தென் அதிவேகப் பாதையே அது. இந்நாட்டின் முதல் அதிவேகப் பாதையாகிய அதற்கு 1999ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் வழங்க இசைந்தது. யப்பானும் கடன் வழங்கிற்று. 2011 நவம்பர் 27ஆந் திகதி காலி வரையும், 2014 மார்ச்சு மாதத்தில் மாத்தறையையடுத்த கொடகம வரையும் பாதை திறக்கப்பட்டது. 2020இல் அது அம்பாந்தோட்டை வரை நீண்டது. கொட்டாவைக்கும் கொடகமவுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 126 கிலோமீற்றர். கடற்கரையோரமாகப் பழைய காலி வீதியில் வாகன நெரிசலுக்குட் பட்டு வருந்திச் சென்றோர், இன்று கொட்டாவையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற் காலியை அடைகின்றனர். நோயாளியை ஏற்றிச் செல்வோர்க்கும் காய்கறி கொண்டு செல்வோர்க்கும் அதன் அருமை தெரியும். நன்மை பெரிது, அதனை நாம் மறுக்க வந்தோமல்லேம்.

எனினும், அப்பாதை சென்ற நிலம் வெறுநிலம் அன்று. நெல்வயலும், கறுவாத் தோட்டமும், இறப்பரும், சிறு தேயிலைக் காணிகளும், அவற்றிடையே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தோர் வீடுகளும் நிறைந்த நிலம் அது. 1,300க்கு மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை விட்டு எழும்ப நேர்ந்தது. வீடு தப்பி வயலை மட்டும் இழந்தோர், வயலின் பாதியை இழந்து மறுபாதி வேலிக்கு அப்பால் நிற்கக் கண்டோர் தொகை அதனினும் பெரிது.

இத்தகைய வேலைகளுக்கு முன்னறிவு வேண்டும் என்பதை நம் நாட்டுச் சட்டம் அறியாததன்று. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெரிய கருமங்கள் யாவற்றுக்கும் முதலிற் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தல் வேண்டும் என்னும் விதி வந்து சேர்ந்தது. எவை பெரிய கருமங்கள் என்பதை 1993இல் வெளிவந்த வர்த்தமானி வகுத்துரைத்தது. 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுள்ள தேசிய, மாகாணப் பெருந்தெருக்கள் அவற்றுள் ஒன்று. 100 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்த்துக் குடியமர்த்துதல் மற்றொன்று. மதிப்பீட்டு அறிக்கை ஆயத்தமானதும் அது வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவிக்கப்படல் வேண்டும். பொதுமக்கள் அதனைப் பார்வையிட்டுத் தம் கருத்தை எழுதி அனுப்ப 30 நாள் தவணை உண்டு. ஆக, சட்டம் குறைவுடையதன்று. குறை எங்கே புகுந்தது என்பதைத்தான் தென்பாதையின் வரலாறு காட்டுகின்றது.

மதிப்பீட்டு அறிக்கையில் ஆராயப்பட்ட கோடு ஒன்று. ஈற்றில் நிலத்திலே இறங்கிய கோடு, சிற்சில இடங்களில், வேறொன்று. கோடு மாறியதற்குக் காரணங்களுள் ஒன்று, சதுப்பு நிலங்களைத் தவிர்த்தல் வேண்டும் என மத்திய சுற்றாடல் அதிகார சபை விதித்த நிபந்தனை. அந்நிபந்தனை நல்லது. சதுப்பு நிலம் பயனற்ற சேறு என எண்ணுவோர் இன்றும் உளர். அது பெருமழையை உள்வாங்கி வைத்து மெல்ல மெல்ல விடுவது. மீனுக்கும் பறவைக்கும் தாய்வீடு. மண்ணிட்டு அதனை மூடினால் அதில் நிற்க வேண்டிய நீர் அயலவன் வீட்டில் நிற்கும். ஆகவே கோட்டை விலக்கியது தவறென நாம் கூறோம். ஆனால் விலக்கிய கோடு எங்கே போய் விழுந்தது? மேட்டு நிலத்திலே, மக்கள் குடியிருந்த வளவுகளிலே விழுந்தது. அங்கிருந்தோர் பழைய அறிக்கையைப் பார்த்திருப்பினும் அதில் தம் ஊர் இல்லை. 30 நாள் தவணையும் அவர்களுக்குரியதாய் இருக்கவில்லை. நாரைக்கும் கொக்குக்கும் நீதி செய்யப் புகுந்த இடத்தில், கேட்கப்படாமல் விடப்பட்டோர் மனிதர்.

அவர்கள் நீதிமன்றை நாடினர். ஓய்வு பெற்ற நீதிபதிகளைக் கொண்ட குழுவொன்று முறைப்பாட்டை ஆராய்ந்து, அவர்கள் கேட்கப்படவில்லை என்பதை ஏற்றுக்கொண்டது. ஆயினும் மேன்முறையீட்டு நீதிமன்றம், பலருடைய நன்மைக்கு முன் சிலருடைய உரிமை இடங்கொடுக்க வேண்டியதே என்னும் கருத்துடன் அவர்கள் விண்ணப்பத்தைத் தள்ளிற்று. வழக்கு உயர் நீதிமன்றுக்குச் சென்றது. 2004ஆம் ஆண்டில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அவர்கள் வழங்கிய தீர்ப்பை நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. கோட்டை இவ்வாறு மாற்றியது சிறு திருத்தமன்று. மாற்றத்துக்குப் புதிதாக அங்கீகாரம் பெற்றிருத்தல் வேண்டும். அதற்கு முன் பாதிக்கப்படுவோரைக் கேட்டிருத்தல் வேண்டும். கேளாமை இயற்கை நீதிக்கு மாறானது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பொதுநன்மையின் பொருட்டு ஒருவனுடைய உரிமை குறைக்கப்படுமாயின் அக்குறைவுக்கு ஈடு செய்தல் வேண்டும் எனவும் மன்று கண்டது. எனினும் பாதையை நிறுத்தும்படி அது பணிக்கவில்லை. நட்டஈடு வழங்கும்படியே பணித்தது. காணிக்காகக் கிடைக்கும் நட்டஈட்டுக்குப் புறம்பாக, கேளாது விட்டமைக்காக வழங்கப்பட்ட நட்டஈடு அது. இவ்வேறுபாடு நுண்ணியது, ஆனால் பெரியது.

தீர்ப்புப் போதாது, பாதையையே தடுத்திருத்தல் வேண்டும் எனச் சிலர் கூறுவர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. வழக்கு மன்றிலிருந்த காலத்திலே வேறிடங்களில் வீட்டை விட்டு எழும்பியோர் பலர். இட்ட மண்ணை அள்ளி எடுப்பதால் அவர்கள் இழந்தது மீளப் போவதில்லை. ஆயின், 'எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்தத் தெருவும் முடியாது' என்று பொறியியலாளராகிய நம் பழைய மாணவர் சிலர் உரைப்பதையும் நாம் ஏற்கமாட்டோம். தென்பாதை மன்றேறியது மக்களைக் கேட்டதனாலா, கேளாமையாலா? கடன் வழங்கிய வங்கியிடமே ஊரவர் முறையிட, அவ்வங்கி தன் விதிகள் கைக்கொள்ளப்பட்டனவா என ஆராயும் குழுவை அமர்த்தி, விதிகள் சில கைக்கொள்ளப்படவில்லை என 2005இல் அக்குழு கண்டதும் அதே காரணத்தாலன்றோ? முதலிற் செலவிடாத சில மாதங்களுக்காகப் பின்னர்ச் சில ஆண்டுகள் செலவாயின.

இனி நட்டஈடு. 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் காணியின் சந்தை விலையை அளவாகக் கொள்வது. பழைய வீட்டுக்குப் பழைய வீட்டின் விலை. கேட்கும்போது நியாயமாகத் தோன்றும். ஆயின் நாற்பது ஆண்டுக்கு முன் கட்டிய மண்வீட்டின் விலையைக் கையிற் பெற்றவன் எங்கே சென்று வீடு வாங்குவான்? புதுச் சீமெந்தும் புது ஓடும் புது விலைக்கன்றோ விற்கப்படுகின்றன! இதனை உணர்ந்தே 2001இல் அரசாங்கம் கட்டாய மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கையை ஏற்றது. இழந்ததற்கு ஈடான மற்றொன்றைத் தேடிக்கொள்ளப் போதியதாக நட்டஈடு இருத்தல் வேண்டும் என்பதும், உறுதி இல்லாதோரும் நியாயமாக நடத்தப்படல் வேண்டும் என்பதும் அக்கொள்கை. தென்பாதையில் இதற்கெனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அதிகாரிகள் காணிக்காரரோடு ஒரு மேசையில் அமர்ந்து பேசி, சட்டப்படி வரும் தொகைக்கு மேலதிகமாகவும் வழங்கினர். இது பாராட்டுக்குரிய புதுமுறை. குற்றங் கண்ட இடத்திற் குற்றமும் குணங் கண்ட இடத்திற் குணமும் கூறுதல் ஆசிரியத் தொழிலுக்கு அழகு. எனினும், அயலவர் உறவும், கூப்பிடு தொலைவில் இருந்த சகோதரியும், கால்நடையாகச் சென்ற பிள்ளையின் பள்ளிக்கூடமும் எந்த மேசையில் விலை பேசப்படும்? முழு ஊரையும் அருகருகே ஓரிடத்திற் குடியமர்த்த முயல்வதன் நோக்கம் இவ்விழப்பைக் குறைப்பதே. காசை மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்க விரும்பும் உத்தியோகத்தர்க்கு இம்முறை தொல்லையாகத் தோன்றும்.

இவ்விடத்தில் நம் குடாநாட்டை நினையாதிருக்க முடியவில்லை. வடக்கு நோக்கிய அதிவேகப் பாதை பற்றிய பேச்சு ஆண்டுகள் பலவாக எழுந்தும் ஓய்ந்தும் வருகின்றது. அது என்றேனும் வருமாயின், அல்லது இப்போதுள்ள வீதி ஒன்று இன்னும் அகலிக்கப்படுமாயின், நட்டஈட்டு மேசைக்கு நம்மவர் எதனைக் கொண்டு செல்வர்? ஒரு வளவுக்கு ஒன்பது பங்காளர். அவருள் ஐவர் கனடாவிலும் இலண்டனிலும். ஒருவர் இறந்து அவர் பங்கு பிரியாமற் கிடப்பது. இடம்பெயர்வுகளின்போது உறுதிப் பெட்டியைத் தொலைத்தோர் ஒவ்வொரு ஊரிலும் உளர். காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, அவசரம் எனக் கருதப்படுமிடத்து விசாரணைகள் முடியுமுன்னரே காணியைக் கையேற்க இடமளிக்கின்றது. காணி அன்றே போகலாம். நட்டஈடோ உரிமையாளர் யார் என்பது தெளியும்வரை காத்திருக்கும். நம் ஊரில் அது தெளியும் நாள் எந்நாளோ! சட்டத்தரணிகளாய் விளங்கும் பழைய மாணவர், உறுதிகளைச் சீர்செய்தல் பற்றி ஊர்தோறும் சென்று இப்போதே அறிவுறுத்துவாராயின் அது கோவிற் கும்பாபிடேகத்துக்கு நன்கொடை எழுதுவதினும் குறைந்த புண்ணியமன்று.

நீரைப் பற்றியும் கூறல் வேண்டும். தென்பாதை களுகங்கையையும் பெந்தர கங்கையையும் ஜின் கங்கையையும் கடப்பது. மழை மிகுந்த அந்நாட்டில், வயல்வெளிகளின் குறுக்கே உயர்த்திய மண் அணை ஓர் அணைக்கட்டாகவே நின்றுவிடும், நீர் போகப் போதிய கண்கள் விடப்படாவிடின். கட்டும் காலத்தில் மழையோடு கரைந்து வரும் மண் வயலிற் படியும். கல்லுடைக்க வைக்கும் வெடியால் அயல்வீட்டுச் சுவர் பிளக்கும். பாதை முடிந்தபின் இவற்றை எவரும் பேசார். 2017 மே மாதப் பெருவெள்ளத்தில் அப்பாதையின் சில பகுதிகளே நீரில் மூழ்கியபோதுதான், நீர் தன் ஆற்றை மறப்பதில்லை என்பது வாகனத்திற் சென்றோர்க்கும் விளங்கிற்று.

நம் குடாநாட்டில் ஆறில்லை என்று சிறு வகுப்பிற் கற்பிக்கிறோம். ஆயினும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாய்க் கடலேரியிற் கலக்கும் வழுக்கையாறு நமக்கு உண்டு. அதன் பெயரையாவது ஆறென வைத்த முன்னோர் கண்ணுடையோர். இங்கே மழைநீர் குளத்துக்குச் சென்று, குளத்தில் நின்று, சுண்ணக்கல்லின் ஊடே கீழிறங்கிக் கிணற்றை அடைதல் வேண்டும். வேறு நீர் நமக்கு எங்கே உண்டு? குளத்துக்குச் செல்லும் வாய்க்காலின் குறுக்கே, போர் முடிந்த பின்னர் வந்த ஆண்டுகளில், வீதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்த்திப் போடப்பட்டதை நாம் கண்டோம். வீதி ஓர் அடி உயர்ந்தால் மதகும் அதற்கேற்ப அகலல் வேண்டும். பழைய மதகு மண்மூடிப் போக, அதன்மேற் கடை கட்டியவர் வேறு. அக்குற்றம் அரசாங்கத்தினுடையதன்று, நம்முடையது. 2008 நவம்பரில் 'நிஷா' புயலோடு வந்த மழையைக் கண்டோர்க்கு, வீதி மட்டத்துக்குக் கீழே தாழ்ந்துவிட்ட வீடு என்றால் என்ன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. வன்னிப் பக்கத்தில் வீதிக்கெனக் கிரவல் கிண்டிய குழிகள் மூடப்படாது கிடக்க, மாரியில் அவை நீர் நிறைந்து மாட்டுக்கும் பிள்ளைக்கும் கண்ணியாயின. குழியை மூடும் பொறுப்பை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதினாற் போதாது; மூடிய பின்னரே ஈற்றுத் தவணைப் பணம் என எழுதல் வேண்டும்.

மரங்களைப் பற்றி ஒரு சொல். வீதியோரத்தில் நூறாண்டு நின்ற புளியையும் மருதையும் தறித்துவிட்டு, ஒன்றுக்குப் பத்தாக நட்டோம் எனக் கணக்குக் காட்டுவது வழக்கமாயிற்று. நட்டது எத்தனை என்பதன்று கேள்வி. மூன்று கோடைக்குப் பின் நிற்பது எத்தனை என்பதே கேள்வி.

இவை யாவும் பொறியியலாளர் அறியாதன அல்ல. மதகின் அகலத்தைக் கணக்கிட அவர்க்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயின் எந்த வாய்க்கால் எந்த மாரியில் எந்தப் பக்கம் ஓடும் என்பது அவர் நூலில் இல்லை. ஊரிலுள்ள முதியோர் நாவில் உளது. கோடு கிழிக்குமுன் அம்முதியோரைக் கேட்டல் வேண்டும். கோடு அசையுந்தோறும் மீண்டும் கேட்டல் வேண்டும். கோட்டை முடித்தபின் கூட்டம் கூட்டித் தேநீர் வழங்கி 'உங்கள் கருத்தென்ன?' எனக் கேட்பது கேட்டலாகாது.

கேட்டல் என்றோம், எம்மொழியிற் கேட்டல்? இங்கே தமிழாசிரியர்க்கு ஒரு வழக்கு உண்டு. எம் கைக்கு எட்டிய அரசாங்க அறிவித்தல்கள் சிலவற்றின் தமிழ், தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது என்பதன்றி வேறு எவ்வகையிலும் தமிழாக இருக்கவில்லை. 'தணிப்பு நடவடிக்கைகள்' என்பதை வாசித்த கமக்காரர் ஒருவர் அது தீயணைப்பைப் பற்றியதோ என வினவினார். அவர்மேற் குற்றமில்லை. 'தெருவால் வரும் தீங்கைக் குறைக்கும் வேலைகள்' என்று எழுதினால் எவர்க்கு விளங்காது? 30 நாள் தவணை உள்ள அறிவித்தலின் பொருளை உணரவே 20 நாள் செல்லுமாயின், அத்தவணை எழுத்தளவில் உள்ளதேயன்றி உண்மையில் இல்லை. கலைச்சொல் ஆக்குவதில் இந்நாட்டுத் தமிழறிஞர் முன்னொரு காலத்தில் முன்னணியில் நின்றனர். அம்மரபு இன்று மொழிபெயர்ப்பு மேசையில் உறங்குகின்றது. மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நம் மாணவர் இதனை வசையாகக் கொள்ளாது வேண்டுகோளாகக் கொள்வாராக.

கல்லூரி செய்யத்தக்கது ஒன்று உண்டு. நூல்நிலையத்தில் ஒரு தட்டை ஒதுக்கி, நம் மாகாணத்தைப் பற்றி வெளிவரும் சுற்றாடல் தாக்க அறிக்கைகளை வாங்கி வைத்தல் வேண்டும். உயர்வகுப்பு மாணவர் அவற்றை வாசித்துத் தெளிவான தமிழிற் சுருக்கி எழுதப் பழகல் வேண்டும். சுருக்கம் எழுதுவதற்குப் பாடநூற் பந்திகளையே எத்தனை காலத்துக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது? புவியியல் மாணவரோ, வரும் மாரி தொடங்குமுன், கல்லூரியைச் சுற்றி இரண்டு மைல் எல்லைக்குள் உள்ள மதகுகளையும் வாய்க்கால்களையும் கணக்கெடுத்து, எது திறந்துளது, எது மூடியுளது, எவ்வாய்க்கால் எக்குளத்துக்குச் செல்கின்றது என்பதைப் படமாக வரைந்து பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதியும் நூல்நிலையத்துக்கு ஒரு பிரதியும் வழங்கலாம். பழைய அளவைப் படங்களை வைத்திருக்கும் நில அளவையாளர் நம் பழைய மாணவருள் இருத்தல் வேண்டும். அவற்றைத் தந்துதவவும், சனிக்கிழமைகளில் மாணவரோடு உடன் நடக்கவும் இசைவோர் தம் பெயரைக் கல்லூரி அலுவலகத்திற் பதிந்து வைப்பாராக.